பாவாயி காது

பாவாயி மூன்றாவது தடவையும் காது பரிசோதனையில் தேறிவிட்டாள். அதுதான் அவளுக்கு வந்த கேடு.

"எல்லாச் சத்தத்துக்கும் சரியா பட்டனை அமுக்கியிருக்கீங்கம்மா," என்றாள் ஷகிலா பானு. மாவட்ட ஆஸ்பத்திரியில் காது சோதிப்பது அவள் வேலை. "என் காதைவிட உங்க காது நல்லாருக்குன்னு மெஷின் சொல்லுது. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி உங்களை ஊசிக்கு அனுப்பறது?"

பாவாயி அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே விசைத்தறியில் நின்றவள். தறிப்பட்டறைக்குள் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது; உதட்டைப் பார்த்துத்தான் அங்கே ஊர்வம்பு, சண்டை, காதல் எல்லாம்.

"அம்மிணி, பின்னால லாரிக்காரன் ஆரன் அடிச்சா எனக்குத் தெரியாதுங்க. பால்காரன் கதவை ஒடச்சாலும் தெரியாது. நீ என்னமோ நல்லாருக்குங்கறே."

"நான் சொல்லலம்மா. மெஷின் சொல்லுது."

செத்துப்போன காது நரம்பைத் திரும்ப முளைக்க வைக்கும் ஊசி வந்து ரொம்ப நாளாகவில்லை. காது சுத்தமாகப் போனவர்களுக்கு மட்டும் கவர்மெண்டில் இலவசம். பாவாயி முதல் தடவை வந்தபோது தப்பு அவள் பேரில்தான். கூண்டுக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியே ஷகிலாவின் தோள்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் அசைந்தால் விரலைத் தூக்கினாள். வேண்டுமென்று செய்யவில்லை. பட்டறைக்குக் காது பார்க்க முகாம் வரும்போதெல்லாம், கேட்காது என்று தெரிந்தவர்களை முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். தறியில் குறுக்கே ஓடும் நாடா தப்புகிற சத்தம் கேட்காதவள் துணியைக் கெடுத்துவிடுவாள் என்று அவருக்குப் பயம். அதனால் சோதிப்பவரின் கையையும் தோளையும் பார்த்து விரல் தூக்குவதை அந்தத் தெருவே கற்று வைத்திருந்தது. செவிடு என்று நிரூபிக்க வந்த இடத்திலும் உடம்பு பழைய புத்தியைக் காட்டிவிட்டது.

இரண்டாம் தடவை அவளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். மூன்றாம் தடவை, இன்றைக்கு, கண்ணையும் கட்டியாயிற்று. அப்படியும் தேறிவிட்டாள்.

"இன்னொரு வாட்டி உக்காருங்க," என்றாள் ஷகிலா.

பாவாயி உட்கார்ந்தாள். காதில் கவசம். இருட்டு. கூவென்று ஒரு சத்தம், அமுக்கினாள். மெல்லியதாக இன்னொன்று, அமுக்கினாள். மணி மாதிரி ஒன்று, அமுக்கினாள். அப்புறம் ஷகிலா உள்ளே வந்து கண்கட்டை அவிழ்த்தாள். அவள் முகம் நன்றாக இல்லை.

"மெஷினை நான் போடவே இல்லம்மா. பிளக்கைப் பிடுங்கி வெச்சிருந்தேன்."

பாவாயிக்குக் கோபம்தான் வந்தது. "அப்ப நான் கேட்டது என்ன?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நீங்க தலையில ஏதாச்சும் மாட்டறீங்களா? கம்பெனிக்காரங்க குடுத்தது?"

மாட்டுகிறாள். தினம் சாயங்காலம், இரண்டு வருஷமாக. கோயமுத்தூரில் பாட்டுப்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்று தெருவில் வந்து ஆள் பிடித்தது. தறிக்காரர்களின் காதுதான் வேண்டும் என்றார்கள். மண்டையில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு, அவர்கள் தந்த சின்ன ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. தறியில் நின்று கால் வீங்கியவளுக்கு உட்கார்ந்து கூலி என்றால் கசக்குமா?

ஷகிலா தன் நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டாள், உதடு நன்றாகத் தெரியும்படி. "காது போனவங்களுக்குத் தலை சும்மா இருக்காதும்மா. கேக்காத இடத்தையெல்லாம் அதுவா இட்டு நிரப்பும். உங்களுக்கு ரெண்டு வருசமா அதுக்கே பயிற்சி குடுத்திருக்காங்க. இப்ப ஒண்ணுமே இல்லாத இடத்துலயும் அது நிரப்புது. உங்க காது செத்துப்போச்சுன்னு தலையில ஒயர் ஒட்டி நான் வேற விதமா நிரூபிச்சுக்கலாம். ஊசியும் போட்டுரலாம். ஆனா அந்தப் பட்டையை நீங்க விடலைன்னா, காது வந்தும் பிரயோசனம் இல்ல. வெளிய இருந்து வர்றதைத் தலை உள்ள விடாது. தன் கச்சேரியையே நடத்திக்கிட்டிருக்கும்."

"விட்டுட்டா?"

"விட்டுட்டா, கொஞ்சம் கொஞ்சமா வழிக்கு வரும்."

"அவசரம்னு எழுதிக்க அம்மிணி," என்றாள் பாவாயி. "எனக்குப் பாட்டு கேக்கறதுக்கில்ல. என்ற வூட்டுக்காரர் பேசறதைக் கேக்கோணும்."

சென்னியப்பனும் தறிக்காரர்தான். போன வருஷம் ஆடியில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இத்தனை வருஷம் அவர் உதட்டைப் பார்த்தே குடும்பம் நடத்தியவளுக்கு அந்தக் கோணல் உதட்டில் ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. அவர் கைநாட்டு, எழுதிக் காட்டவும் வழியில்லை. மற்றவர்கள் வந்தால் வாயே திறக்கமாட்டார். ஆனால் சாயங்காலம், அவள் பட்டையை மாட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். பேசுவார், பேசுவார், மூச்சு வாங்கும்வரை பேசுவார். சில நாள் கண்ணில் தண்ணீர் வரும். சில நாள் இடது கையால் கட்டில் சட்டத்தைக் குத்துவார்.

அவள் தலைக்குள் அதற்கும் சத்தம் வந்தது. "சாப்பிட்டியா புள்ள?" என்று தெளிவாகக் கேட்டது. "சாப்பிட்டனுங்க" என்பாள். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மேலே பேசுவார். அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. கட்டின நாளிலிருந்து ஒரு வேளைகூட அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்காத மனுஷன், வாய் கோணியபின் தினமும் கேட்பாரா?

*

கோயமுத்தூர்க் கம்பெனியில் நிரஞ்சன் அவளைக் கேட்கும் அறையிலேயே உட்கார வைத்துப் பேசினான். நல்ல பையன், 'அக்கா' என்றுதான் கூப்பிடுவான். அறையில் ஏற்கெனவே ஒருவர் சோபாவில் சாய்ந்திருந்தார். கிரானைட் ஏற்றுமதிக்காரர். எதிரே தேன் நிற அலுமினியத்தில் ஒரு பெட்டி, ஓர் ஆள் தூக்க முடியாத கனம். கோமேதகம் என்று அதற்குப் பேர்.

"சார், இவங்கதான் கோமேதகம்," என்றான் நிரஞ்சன்.

ஏற்றுமதிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அம்மா, நீங்களா? உங்க காதுலதாம்மா நான் தினம் பாட்டுக் கேக்கறேன்." அவளை மேலும் கீழும் பார்த்தார். "அம்மா என்ன சாப்பிடுவாங்க, அசைவம் உண்டா?"

"ரேசன் அரிசிங்க," என்றாள் பாவாயி.

அவர் நிரஞ்சனைப் பார்த்துத் தலையாட்டினார், ஏதோ ரகசியம் பிடிபட்ட மாதிரி.

"தம்பி, எனக்கு இது வேண்டாம். நிறுத்திக்கறேன். ஊசி போடப் போறேன்," என்றாள் அவள்.

நிரஞ்சன் சிரித்த முகத்தை மாற்றாமல் சொன்னான்: "அக்கா, மூணு வருசத்துக்குக் காதுல கை வைக்கக் கூடாதுன்னு பேசித்தானே சேர்ந்தோம்? இன்னும் ஒரு வருசம் இருக்கு."

"ஒரு வருசம் அவர் கிடப்பாரான்னு யாரு கண்டா?"

"அக்கா, கொஞ்சம் கேளுங்க. முந்தியெல்லாம் ஆம்ப்ளிஃபையர்னா வால்வு உசத்தியா டிரான்சிஸ்டர் உசத்தியான்னு சண்டை போடுவாங்க. ஒண்ணு இழைஞ்சு பாடும், ஒண்ணு வறட்டுனு பாடும். இப்ப எந்தப் பெட்டியை வாங்கினாலும் அப்பழுக்கில்லாம ஒரே மாதிரிப் பாடுது. பஸ் ஸ்டாண்டுல விக்கறதும் அப்படித்தான் பாடுது. அப்புறம் சார் எதுக்கு ஒரு வீட்டு விலையைக் குடுத்து எங்கிட்ட வாங்கணும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"அதுல இருக்கற தாமிரம், டிரான்ஸ்ஃபார்மர், டப்பா எல்லாம் சேர்த்து ஒரு பழைய மொபெட் விலைகூட வராது. மிச்சம் அத்தனையும் உங்களுக்குத்தான். அதாவது, உங்க குணத்துக்கு. பாட்டுல உங்களுக்குக் கேக்காத இடத்துல உங்க தலை ஒண்ணைப் போட்டு நிரப்புது பாருங்க, அந்தக் குழைவை எந்த மெஷினாலயும் பண்ண முடியல. நல்ல காதுக்காரனுக்கு அது வராது. அவனுக்குத்தான் எல்லாம் கேட்டுருதே. உங்க தலை மாற மாற, பட்டை பிடிச்சதை வாரா வாரம் வித்த பெட்டிக்கெல்லாம் இங்கிருந்து அனுப்பறோம். நீங்க நின்னுட்டா கோமேதகம் நின்னுரும்."

"எத்தனை பெட்டி வித்தே?"

நிரஞ்சன் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்றுமதிக்காரர் சொன்னார்: "அம்மா, கோச்சுக்காதீங்க. இப்படி ஒரு வரம் யாருக்குக் கிடைக்கும்? ஊசி போட்டா நீங்களும் எங்களை மாதிரி ஆயிருவீங்க. வெறும் சத்தம்தான் கேக்கும்."

"நீங்க அதைக் கேட்டுட்டுத்தானுங்களே ஆபீசுக்குப் போய் வர்றீங்க?"

நிரஞ்சன் அவளைச் சமாதானப்படுத்தப் பெட்டியில் ஒரு நாதஸ்வரத்தைப் போட்டுக் காட்டினான். மற்ற இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவளுக்கோ பம்மென்று அடைத்துக்கொண்டு வந்தது, சர்க்கரைப் பாகுக்குள் தலையை அமுக்கிய மாதிரி. அவள் தலை ஒரு தடவை நிரப்பியதற்கு மேல் பெட்டியும் ஒரு தடவை நிரப்பினால் எப்படி இருக்கும்? தன் சரக்கைத் தானே கேட்க முடியாது என்று தெரிந்தது. ஊரார் கட்டும் சேலையைத் தறியில் நெய்கிறவளுக்கு இதிலொன்றும் புதுமையில்லை. அவள் நெய்ததை அவள் எந்தக் காலத்தில் கட்டினாள்?

நாதஸ்வரம் முடிகிறவரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"தம்பி, இந்தப் பட்டையை மாட்டிக்கிட்டு நான் பட்டறைக்குள்ள போய் நின்னா என்ன ஆகும்?"

"எதுக்கு அக்கா அங்க போகணும்?"

"சும்மாதான். நாளு பூரா நிக்கறேன். நாப்பது தறி ஓடுது. எல்லாம் என் தலைக்குள்ள போயிட்டு, நீ சொன்ன மாதிரி வாரக் கடைசியில எல்லாப் பெட்டிக்கும் போகுமா?"

நிரஞ்சன் ஏற்றுமதிக்காரரைப் பார்த்தான். ஏற்றுமதிக்காரர் தன் பெட்டியைப் பார்த்தார்.

"அக்கா, அது நம்பிக்கைத் துரோகம்."

"வூட்டுல படுத்திருக்கறவர் என்ன சொல்றார்னு தெரியாமக் கண்ட பதிலைச் சொல்லிக்கிட்டிருக்கனே, அது என்னன்னு சொல்லு. அதையும் கேட்டுக்கறேன்."

அன்றைக்கே அவளை விட்டுவிட்டார்கள். பட்டையையும் ஸ்பீக்கரையும் வாங்கி வைத்துக்கொண்டு, பஸ் ஏற்றிவிடவும் ஆளை அனுப்பினார்கள்.

*

ஊசி போட்டு மழைக்காலம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. பாவாயி ஷகிலாவிடம் போய்ப் போய்ச் சலித்தாள். "இதுக்குத்தானா வந்த கூலியையும் விட்டேன்?" என்று கேட்டாள். ஷகிலா, "உங்க தலை அடம் பிடிக்குதும்மா. விடாதீங்க," என்றாள்.

பிறகு ஒரு நாள் சோற்றுக் குண்டானில் கரண்டி பட்டது. காதுக்குள் ஆணி இறங்கின மாதிரி இருந்தது. கரண்டியைக் கீழே போட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் உலகம் கண்டபடி வந்து விழுந்தது: குழாயடிச் சண்டை, தகரக் கூரை, நாய், தன் செருப்பு. எதிலும் குழைவு கிடையாது. எல்லாம் வறட்டுச் சத்தம். அந்தக் கிரானைட்காரர் பொய் சொல்லவில்லை என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டாள்.

காது சரியாகப் பிடிபடட்டும் என்று சென்னியப்பனிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் கால் வீக்கத்துக்கு என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் வழக்கம்போலக் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பட்டை போய் மாசக்கணக்காகியிருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடியபடி முனகினார். குழறலாக இருந்தாலும் வார்த்தையாகவே இருந்தது.

"ஜன்னல்ல வெயில் அடிக்குது. எவகிட்டச் சொல்றது."

அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

திரும்பிப் பார்த்தபோது அவர் கண் திறந்திருந்தது.

"உனக்குக் கேக்குதா?"

"கேக்குதுங்க. ஊசி போட்டு வந்திருச்சுங்க," என்றாள். வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். "சொல்லுங்க. ஒரு வருசமாச் சொல்லிக்கிட்டிருந்தீங்களே, எல்லாத்தையும் சொல்லுங்க. இனி ஒண்ணு விடாமக் கேக்கறேன்."

சென்னியப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு அசதி என்று நினைத்தாள். மறுநாளும் அப்படித்தான். தண்ணி என்பார், போர்வை என்பார், போதும் என்பார். ஒரு வருஷமாகப் பொங்கிப் பொங்கிப் பேசிய வாய் அவ்வளவோடு மூடிக்கொண்டது. கெஞ்சிப் பார்த்தாள். பிடித்த கறி ஆக்கிப் போட்டாள். கடைசியில் சண்டையே போட்டாள்.

"இதுக்குத்தானா நான் அலைஞ்சேன்? வையறதா இருந்தாலும் வையுங்க மாமா. எவளையாச்சும் வெச்சிருந்தீங்களா, அதைச் சொன்னீங்களா? செத்துப்போறேன்னு அழுதீங்களா? ஒண்ணை மட்டும் சொல்லுங்க."

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "அது பேசியாச்சு."

"எனக்குக் கேக்கலீங்களே."

"அதான் பேசினேன்."

தை பிறக்குமுன் ஒரு விடிகாலையில் அவர் போய்விட்டார்.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பாவாயி கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள். யோசனை பஸ்ஸில் வரவில்லை. அவரைத் தூக்கும்போதே வந்துவிட்டது. அந்தப் பட்டைக்கு மைக் உண்டு. வெளியே என்ன சத்தம் இருந்தது, அதில் அவள் தலை எதைச் சேர்த்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வீட்டுச் சத்தத்தையெல்லாம் பிடித்தது என்று நிரஞ்சனே சொல்லியிருக்கிறான். தினம் சாயங்காலம் அவர் பேசியது அத்தனையும் அதில் போயிருக்கும்.

கேட்கும் அறையில் அதே கிரானைட்காரர் இருந்தார். பாவாயி நின்றதும் கோமேதகம் நின்றுவிட்டது. இனி வராது என்றதும் இருக்கும் பெட்டிகளின் விலை இரட்டிப்பாகி, அவர் இரண்டாவது ஒன்றை வாங்க வந்திருந்தார்.

நிரஞ்சன் அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டான்.

"அக்கா, அந்தப் பதிவு எதுவும் இல்ல."

"தேடிப் பாரு தம்பி. இன்னொரு நாள் வேணும்னாலும் வர்றேன்."

"தேடறதுக்கில்லக்கா. அடுத்தவங்க வீட்டுப் பேச்சை நாங்க வெச்சிருக்கக் கூடாது, சட்டம் அப்படி. உங்க நல்லதுக்குத்தான். பாட்டை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததை அன்னன்னைக்கே அழிச்சிருவோம்."

"மத்ததுன்னா?"

"ஃபேன் சத்தம், தெருச் சத்தம். கட்டில் பக்கத்துல இருந்து ஒரு குரல் வந்துக்கிட்டே இருந்துச்சு. அது யாருன்னு நாங்க பார்க்கலக்கா. இரைச்சல்னுதான் போட்டு வெச்சோம். அதை எடுக்கறது பெரும்பாடா இருந்துச்சு. பாட்டோட பின்னிக்கிட்டு வரும். கடைசியில அந்தக் குரல் எந்தெந்த விதமா வரும்னு பெட்டிக்கே சொல்லிக் குடுத்து, வந்தா அமுக்குன்னு வெச்சோம்."

"பெட்டிக்கு அவர் குரல் தெரியுமா?"

"அமுக்கறதுக்குத் தெரியும். வார்த்தை தெரியாது."

"திருப்பிப் போட முடியாதா?"

"முடியாதுக்கா. அங்க ஒண்ணும் இல்ல. அதுதான்..." அவன் சொல்லத் தயங்கியதை ஏற்றுமதிக்காரர் முடித்து வைத்தார்.

"அதுதாம்மா கோமேதகத்தோட பெருமையே. போன வருசப் பெட்டியில அந்த அமைதி வந்துச்சு பாருங்க. ஒரு சுரத்துக்கும் இன்னொரு சுரத்துக்கும் நடுவுல அப்படி ஒரு இருட்டு. வேற எந்தப் பெட்டியிலயும் அது கிடையாது. நான் ரெண்டாவது வாங்கறதே அதுக்காகத்தான்."

பாவாயி தேன் நிறப் பெட்டியைப் பார்த்தாள்.

"ஒரு பாட்டுப் போடு தம்பி."

அவன் ஒரு வீணையைப் போட்டான். இப்போது அவளுக்கு எல்லாம் கேட்டது. தந்தியின் மீது விரல் பட்டது கேட்டது. குழைவு என்றார்களே, அதுவும் கேட்டது. யாரோ ஒருத்தி காசுக்குப் பாடுகிற மாதிரி இருந்தது. அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஒரு தந்தி அடங்கி, இன்னொன்று எழுமுன் உள்ள இடத்தைக் கேட்க முன்னால் சாய்ந்தாள்.

வீணை முடிந்தது. நிரஞ்சன் பெட்டியை நிறுத்தக் கையை நீட்டினான்.

"நிறுத்தாதே."

"பாட்டு முடிஞ்சிருச்சுக்கா. இப்ப ஒண்ணும் ஓடல."

"தெரியும். இருக்கட்டும்."

அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிரஞ்சன் நின்றுகொண்டிருந்தான். ஏற்றுமதிக்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீங்களா நிரஞ்சன்? அம்மாவுக்கு இப்பத்தான் கேக்கவே தெரிஞ்சிருக்கு. இந்த அமைதியை ரசிக்கறதுக்கு எங்களுக்கெல்லாம் எத்தனை வருசம் ஆச்சு..."

பாவாயி தலையைத் திருப்பவில்லை.

"ஏனுங்க," என்றாள், "கொஞ்சம் பேசாம இருங்க."